நாற்பதாம் நம்பர் வாயும் மோர்ஸ் மூன்று வாலும்

இரும்போடு மாரடிக்கிற எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: இருப்பது பொருந்தாது, பொருந்துவது இருக்காது. பட்டறையில் கை கறுத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் தன்னாமுனையில் ஒரு சின்னப் பட்டறையில் நான் மில்லிங் மெசின் ஒன்றோடு குடும்பம் நடத்தினேன். அந்தக் கதையைக் கேட்டு நீங்களும் கொஞ்சம் பெருமூச்சு விடுங்கள்.

மில்லு வந்திருக்கு

மெசின் லொறியிலிருந்து இறங்கிய அன்றே "மில்லு வந்திருக்கு" என்று ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்கள் ஊர் நெல்லு மில்லின் சுழல்தண்டான சாப்டில், சக்கரத்தைப் பூட்டுகிற காடிப் பள்ளம் தேய்ந்து, சக்கரம் வழுக்கி, அது இரண்டு மாதமாகப் படுத்திருந்தது. ஆகவே அடுத்த நாள் காலையில் பொன்னம்மா மாமி அவித்துக் காயவைத்த நெல்லை மூட்டையாகக் கட்டி, சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மாமி, இது இரும்பைச் சீவுகிற மில், நெல்லைக் குத்தாது என்றேன். சரி, இரும்பையாவது சீவிக் காட்டு பார்ப்போம் என்றார். அதுவும் இப்போதைக்கு ஏலாது என்று சொல்லவேண்டி வந்தது. மாமி மெசினை மேலும் கீழும் பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

"நெல்லும் குத்தாது, இரும்பும் சீவாதெண்டா, மறுகா இதென்னத்துக்கு மனே? பூ வெச்சுக் கும்பிடவா?"

பொருத்தம் பாராத சம்பந்தம்

ஏன் சீவாது என்று சொல்லிவிடுகிறேன். மெசினைத் தந்தது ஒரு நாட்டு உதவி நிறுவனம். இரும்பை வெட்டும் கட்டர்களைப் பெட்டி பெட்டியாகத் தந்தது இன்னொரு நாட்டு உதவி நிறுவனம். கட்டரின் வால், மெசினின் வாயில் இருக்கிற கூம்புக் குழிக்குள் இறுகப் பொருந்தவேண்டும். அந்தச் சரிவைத்தான் டேப்பர் என்போம். எங்கள் மெசினின் வாய் நாற்பதாம் நம்பர், கட்டையும் அகலமுமானது. கட்டரின் வாலோ மோர்ஸ் என்கிற அளவில் மூன்றாம் நம்பர், நீண்டு மெலிந்தது. ஒருவர் மாப்பிள்ளை கொடுத்தார், மற்றவர் பொம்பிளை கொடுத்தார், பொருத்தம் மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

நடுவில் வைக்க ஒரு அடப்டர் அனுப்புங்கள், வெளியே நாற்பது, உள்ளே மோர்ஸ் மூன்று என்று மெசின் தந்தவர்களுக்கு எழுதிப்போட்டேன். பதில் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்குள் மெசின் வேலை செய்யாவிட்டால் வேறு மாவட்டத்துக்கு ஏற்றப்படுமாம். மெசினுக்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவன் நான். ஒரு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்து, சோற்றுக் கோப்பையைக் கையில் எடுக்கவே கூசியவன். மெசின் போனால் நானும் போக வேண்டியதுதான். கடிதம் கொண்டுவந்த ஜீப் டிரைவர் கட்டரை எடுத்து மெசினின் வாயில் வைத்துப் பார்த்தார். அது லொடலொடவென்று ஆடிற்று.

"தம்பி, ரெண்டு நாடும் சேர்ந்து உங்களுக்கு ஒரு ஓட்டையத்தான் தந்திரிக்கு."

வாய்க்குக் கட்டு

அடப்டரை நாங்களே செய்வதென்று முடிவானது. டவுனில் மோரிஸ் அண்ணனிடம் இரும்பைக் கடைகிற லேத் இருந்தது. அவர் பறங்கியர், ஐரோப்பியர் வழிவந்த ஊர்க்காரர், பரம்பரையாக இரும்பு வேலைக்காரர். இரும்புக்கும் பஞ்சமில்லை. எரிந்துபோன லொறிகளின் அக்சில் தண்டுதான் அந்த நாட்களில் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைத்த ஒரே பொருள். ஆனால் நாற்பதாம் நம்பருக்கு அளவு பார்க்க ஒரு மாதிரி கையில் வேண்டுமே! மெசினின் வாயைக் கழற்றிக்கொண்டு டவுனுக்குப் போக முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுகிற மாவைக் குழைத்து வாய்க்குள் அடைத்து அச்செடு என்றார் மோரிஸ் அண்ணன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மாவைக் கேட்டேன். கையா காலா என்று கேட்டார் தாதி மிஸ்ஸி. வாய் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"வாய்க்குக் கட்டுப் போடலாமெண்டா, எங்கட வாட்டிலயே முதல்ல நாலு பேர் இரிக்காங்க."

மோர்ஸ் என்கிறவர்

மாவச்சையும் ஒரு கட்டரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டேன். வழியில் சென்றி, பட்டாளத்துச் சோதனைச்சாவடி. பையைக் கொட்டச் சொன்னார்கள். கட்டரைத் தூக்கிப் பார்த்த அதிகாரி இது என்ன என்றார். எனக்குத் தெரிந்த உண்மையை அப்படியே சொன்னேன்: மோர்ஸ் நம்பர் மூன்று.

மோர்ஸ் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தந்தி அடிக்கிற கட்டுக் கடா பாஷைக்கும் அதே பெயர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்படித் தனியாகக் கூப்பிடப்பட்டுத் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். யாருக்குச் செய்தி அனுப்புகிறாய் என்றார். இது இரும்பு, பேசாது என்றேன். யாரிடம் கொண்டுபோகிறாய் என்றார். மோரிஸ் என்றேன். அந்தப் பெயரையும் எழுதி, மோர்ஸ் பக்கத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் விட்டார். இதற்கு எனக்குச் சிரிப்பு வந்தது பல வருடம் கழித்து. அன்றைக்குக் கடைசியாக அவர் கேட்ட கேள்வி மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"நம்பர் மூணு இங்க இருக்கு. அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்க ஒளிச்சு வச்சிருக்கு?"

தரக்கட்டுப்பாடு

பத்து நாளில் மோரிஸ் அண்ணன் அடப்டரைக் கடைந்து தந்தார். பளபளவென்று இருந்தது. திரும்பும் வழியில் அதே சென்றி. அதிகாரியைக் காணவில்லை, உயரமான ஒரு சிப்பாய் நின்றார். பையிலிருந்து அதை எடுத்தார். கண்ணை மூடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மெல்லத் திறந்து பார்த்தால், மனிதர் துவக்கைத் தோளில் போட்டுவிட்டு அடப்டரைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார், நெல் பதம் பார்க்கிற விவசாயியைப் போல. நாற்பதா என்றார். ஓமென்றேன். பட்டாளத்துக்கு வர முன்னம் ஐந்து வருடம் மில்லிங்தான் செய்தாராம். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டுத் திருப்பித் தந்தார். அத்தனை வருடத்தில் எத்தனையோ சென்றிகளில் என்னைச் சோதித்திருக்கிறார்கள். சோதனை என்ற சொல்லுக்குத் தகுந்த சோதனை அது ஒன்றுதான்.

"இது சரியில்ல, மல்லி. வால் தடிப்பு கூட. மாட்டினா வாய்ப் பக்கம் ஆடும்."

ஆள் என்ன நிறம்?

துவக்கு வைத்திருக்கிறவனுக்கு டேப்பரைப் பற்றி என்ன தெரியும் என்று கறுவிக்கொண்டு வந்து மாட்டினேன். வாய்ப் பக்கம் ஆடிற்று. அந்த மாவு காயும்போது வால் பக்கம் வீங்கியிருக்கிறது! கெடுவுக்கு இன்னும் ஐந்து கிழமை.

இனி இருக்கிற ஒரே வழி, சற்றுப் பெரிதாகப் புது அடப்டர் ஒன்று கடைந்து, அதில் நிறம் பூசி, வாய்க்குள் செருகித் திருகி, எங்கே நிறம் அழிகிறதென்று பார்த்து, அழிந்த இடத்தைத் தேய்ப்பது. அதற்கென்று உள்ள நீலப்பசை டவுனில் எங்கும் கிடைக்கவில்லை. உதட்டுச் சாயமே போதும், அது காணும் என்றார் மோரிஸ் அண்ணன். கல்யாணம் ஆகாத நான் வெட்கத்தை விட்டு பான்சிக் கடைக்குள் நுழைந்தேன். கடைப் பெண்பிள்ளை, ஆள் என்ன நிறம், வெள்ளையா கறுப்பா என்று கேட்டாள். தடுமாறி, மெசினின் நிறத்தைச் சொல்லிவிட்டேன்: பச்சை. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அப்ப சிவப்புத்தான் அண்ணா அவவுக்கு எடுப்பா இரிக்கும்."

கொழும்புக்குக் காணும்

மோரிஸ் அண்ணன் வேறொரு அக்சிலில் இரண்டாவது அடப்டரைக் கடைந்தார். பட்டறைக்கும் டவுனுக்குமாக ஏழு தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிப்பாய் சிவப்பு அழிந்த இடத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டுவார். ஏழாம் தடவை விரலைக் காட்டாமல் சரியென்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நான் பட்ட சந்தோஷம், பள்ளிக்கூடச் சோதனை பாஸான நாளில்கூடப் பட்டதில்லை.

கெடு முடிகிற அன்று மெசின் தந்த உதவி நிறுவனத்து அம்மணி ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் முன்னால் நெல்லு மில்லின் புதுச் சாப்டில் காடி வெட்டினேன். கட்டர் அசையவில்லை, சீவல் சுருள் சுருளாக விழுந்தது. கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தட்டியவர் பொன்னம்மா மாமி. மெசின் உங்களுக்கே என்று கையெழுத்துப் போட்டார் அம்மணி. என் கண் நிறைந்துவிட்டது. போட்ட கையோடு, இரு நாட்டு ஒத்துழைப்பின் சின்னமாக இந்த அடப்டரைக் கொழும்பு அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும், தாருங்கள் என்றார்.

நிறைந்த கண் அப்படியே காய்ந்துவிட்டது. அதைக் கொடுத்தால் மெசின் இன்றைக்கே மறுபடியும் ஓட்டை. கழற்றித் துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று பின்னால் போய், மூலையில் கிடந்த அந்த முதல் அடப்டரைத் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். டவுன் வரை அவருடைய ஜீப்பிலேயே போனேன். சென்றியில் நிறுத்தினார்கள். அதே சிப்பாய் துணியை விரித்தார். ஒரு தடவை உருட்டினார். வால் தடிப்பைக் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று அம்மணி பெருமையாகக் கேட்டார். சிப்பாய் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அதை மெதுவாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல சாமான், மேடம். கொழும்புக்கு இது காணும்."

ஆக, அந்த யுத்தம் முழுவதிலும் நாட்டின் இரண்டு பக்கத்தாரும் ஒரே கருத்துக்கு வந்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு விஷயத்தில்தான், அதுவும் ஆடுகிற ஒரு அடப்டரைப் பற்றி.