கடுகக்கா திறந்த கதவு

ஆள் சிறியவள், காரம் பெரியது. அதனால் தியான மண்டபத்துச் சமையல்காரியை எல்லோரும் கடுகக்கா என்றே கூப்பிட்டார்கள். மனத்தை அடக்கக் கற்றுத்தரும் இடத்தில் இத்தனை வருடம் உப்பைத் தின்றும் அவள் கோபம் ஒரு சிட்டிகை குறையவில்லை. பால்காரர் முதல் பெற்ற மகள் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது.

மண்டபத்தில் ஆசிரியர்கள் இருவர். காலையில் வருபவர் வேதாந்தி. மனம் வெறும் கருவி, அதன் பின்னால் எதிலும் ஒட்டாத ஆத்மா சாட்சியாக இருந்து பார்க்கிறது என்பார். மாலையில் வருபவர் பௌத்தர். பின்னால் ஒருவரும் இல்லை, கணத்துக்குக் கணம் தோன்றி மறையும் ஓட்டம்தான் மனம் என்பார். இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் தேவையில்லை.

அங்கே ஜன்னலும் கிடையாது. புகை வகுப்புக்குள் போகக்கூடாதென்று நடுக்கதவை எப்போதும் சாத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் இப்படி நின்றால் மாடிப்படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அவள் குடியிருப்பதோ மூன்றாம் மாடி.

ஃபேன் கேட்டுப் போனாள். இருமுவது உடம்பு, நீ அல்ல, சாட்சியாக இருந்து பார் என்றார் காலை ஆசிரியர். இருமல் வரும், போகும், இருமுகிற ஆள் என்று யாருமில்லை என்றார் மாலை ஆசிரியர். ஆளில்லாத இருமலோடு அடுப்படிக்குத் திரும்பியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனம் யாருடையது என்று இருவரும் நேருக்கு நேர் வாதம் செய்யும் நாள் வந்தது. மண்டபம் நிறையக் கூட்டம். கடுகக்கா வாணலி நிறையக் காய்ந்த மிளகாயைக் கருக வறுத்தாள். பிறகு நடுக்கதவை அகலத் திறந்து வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

முதலில் சாட்சி இருமியது. அடுத்த கணமே ஓட்டமும் இருமியது. கண்ணும் மூக்கும் ஒழுக இருவரும் கதவருகே ஓடி வந்தார்கள்.

"என்னம்மா இது, கதவைச் சாத்து," என்றார் காலை ஆசிரியர்.

"இருமுறது உடம்புதானே சார். நீங்க உள்ள உக்காந்து பாருங்க," என்றாள். மற்றவர் பக்கம் திரும்பினாள். "அங்கதான் ஆளே இல்லையே. நீங்க யாருக்காக ஓடி வந்தீங்க?"

ஃபேன் அந்த வாரமே வந்தது. மாட்டி முடித்ததும் மாலை ஆசிரியர், இனியாவது கோபத்தை விட்டுவிடலாமே என்று இதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"மனசு யாரோடதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க சார். இந்தக் கோபம் என்னோடது. இதாலதான் ஃபேன் வந்துச்சு. போன என் நெஞ்சு வருமா?"

சொல்லிவிட்டு, நடுக்கதவைச் சாத்தாமலே பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.