பருப்புக்குள் மாசி

ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கிய மகாவலிக்கரை ஹோட்டல், போர்க்காலத்தில் முதியோர் இல்லமாகியிருந்தது. தாதி, டொக்டர், நேரத்துக்குச் சாப்பாடு, எல்லாம் உண்டு. ரயில்வேயில் ஓய்வுபெற்ற நான், இனக்கலவரத்தில் கண்டி வீடு எரிந்தபின் அங்கே போய்ச் சேர்ந்தேன். சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை. லண்டனிலிருந்த மகன் வா வா என்று பிடுங்கிக்கொண்டிருந்தான். எனக்கோ ஆற்றைப் பார்த்த அந்த மாடி அறையை விட மனமில்லை. நாட்டை விட்டு ஓடி, எரித்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கொடுக்கவேண்டும்?

வந்தது வெள்ளிக்கிழமை. நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கு எனக்கு மரக்கறிதான். பருப்பை வாயில் வைத்தேன். மாசிக் கருவாட்டுத் தூள். பூசணிக்காயில் மாசி. கீரையிலும் மாசி! தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே தமிழன் நான். அந்த வருடங்களில் சாப்பாட்டைக் குறைசொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கு வெள்ளி தேத்தண்ணீரும் வாழைப்பழமுமாக ஓட்டினேன்.

சீனி வருத்தம், நீரிழிவு உள்ளவன் எத்தனை நாள் தாங்குவேன்? ஒரு வெள்ளி படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். தலைமைத் தாதி கண்டிப்பாகச் சொன்னாள்: "சாப்பிடாத ஆளை இங்கே வைத்திருக்க முடியாது. மகனுக்கு அறிவிக்கப்போகிறேன்."

அறிவித்தால் லண்டனுக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்.

அடுத்த வெள்ளியும் தட்டைத் தள்ளினேன். பெரிய சமையற்காரரே மண்டபத்துக்குள் வந்துவிட்டார். ஹோட்டல் காலத்து மனிதர். மற்ற நாட்களில் உதவியாட்கள் சமைப்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அவர் தன் கையால் சமைப்பது பழைய வழக்கம். என் தட்டுச் சோற்றைப் பருப்போடு பிசைந்து, எல்லோரும் பார்க்க ஒரு வாய் விழுங்கினார்.

"பாருங்கள் மாத்தையா, நான் உங்களுக்கு நஞ்சு வைப்பேனா?" என்றார் சிங்களத்தில். கண் கலங்கியிருந்தது.

அட பாவி மனுஷா! நீ சமைக்கும் நாளில் மட்டும் நான் தட்டைத் தள்ள, இத்தனை நாளும் இதையா நெஞ்சில் சுமந்தாய்?

"நஞ்சில்லை ஐயா, மீன்! வெள்ளிக்கிழமை நான் மீன் தொடமாட்டேன்!" ரயில்வேச் சிங்களத்தில் கத்தினேன்.

"பருப்பில் ஏது மீன்?"

"மாசி!"

"மாசியா? அதெப்படி மீனாகும்? உப்பு மாதிரி ஒரு ருசிக்குப் போடுவதல்லவா!"

பக்கத்து மேசையிலிருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியானால் பௌர்ணமிப் போயா நாளில் எனக்கு மரக்கறி என்று என்ன தந்தாய்?"

சமையற்காரர் முழித்த முழியில் மண்டபமே வெடித்துச் சிரித்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன், வீடு எரிந்தபின் முதல் தடவையாக.

மறு வெள்ளி அடுப்படி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டேன். மாசியில்லாத பருப்பு, பழப்புளி விட்ட கத்தரிக்காய்க் குழம்பு, எல்லாம் என் அதிகாரத்தில், தனிச்சட்டியில். ஆசிரியை முதலில் தட்டை நீட்டினார். பிறகு தலைமைத் தாதி. பிறகு பாதி மண்டபம். என் சட்டியை வழித்துத் துடைத்தாயிற்று. மீன்கறி ஆறிக் கிடந்தது. சமையற்காரர் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

தாதி சொன்ன செய்தியால் பதறிப்போயிருந்த மகனுக்கு அன்று மத்தியானம்தான் லைன் கிடைத்தது.

"அப்பா, நீங்கள் சாப்பிடுறேல்லையாமே. டிக்கெட் எடுக்கட்டே?"

"ஓம், எடு. உனக்கு எடு," என்றேன். "வெள்ளிக்கிழமையாப் பார்த்து வா. என்ர வீட்டில சாப்பிடலாம்."