அந்தப் பெயர் ஒன்றுதான் பாக்கி

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் புதியவர்கள் முதல் நாளே ஏ பி சி டி அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் எரிச்சலைக் கிளப்புவார்கள். "அத ஓரமா வைங்க. எதுக்க உக்காந்துருக்கவுகளுக்கு என்ன வேலை ஆகணும்னு மொதல்ல கேளுங்க" என்பேன். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறோம். சம்பளம் கிடையாது; டீ உண்டு.

நாட்டரசன்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு விசா கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். மகளுக்கு மாமியார் இல்லை. இவர் போனால்தான் ஆள். மாட்டையும் வயலையும் விட்டுவிட்டுக் கணவர் கூட வர முடியாது. இவரே அதிகாரி முன்னால் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

இலக்கணம் பக்கமே நாங்கள் போகவில்லை. கேள்வியையும் பதிலையும் பேசிப் பேசியே பழகினோம். தப்பாகச் சொன்னாலும் நடுவில் திருத்த மாட்டேன். குறுக்கே விழுந்தால் பெரியவர்கள் அப்படியே வாயை மூடிக்கொள்வார்கள். மகளுக்கு என்ன வேலை, எத்தனை மாதம் தங்குவீர்கள், எல்லாவற்றுக்கும் அக்கா டாண் டாணென்று பதில் சொன்னார். கணவர் பெயரைக் கேட்டதும் தலை குனிந்து சிரித்தார்.

"பாஸ்போர்ட்டுலதான் போட்டுருக்குல்ல டீச்சர், அவுக பாத்துக்கிற மாட்டாகளா?"

தமிழில் கேட்டுப் பார்த்தேன். அதே சிரிப்பு. பக்கத்தில் இருந்தவரைச் சொல்லச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. அதே பெயருள்ள சாமியைக்கூட வேறு பெயர் சொல்லித்தான் கும்பிடுவாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்க பிள்ளத்தாச்சி ஒருத்தி உங்கள எதிர்பாத்து உக்காந்துருக்கா, நினைச்சுப் பாருங்கக்கா!"

"சொல்லத்தான் பாக்குறேன் டீச்சர். வாய் வர மாட்டேங்குதே" என்று அவர் கண் கலங்கினார். அதட்டினால் நடக்காது என்று புரிந்தது.

அடுத்த வகுப்பில், எதிர் டீக்கடையில் காத்திருந்த அவர் கணவரைக் கூப்பிட்டு அதிகாரி நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். அக்கா எழுந்து நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மா சொல்லு," என்றார் அவர். "எங்க ஆத்தா போனதுக்கப்புறம் வீட்டுல யாரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புடுறா?"

அக்கா சொன்னார். மெதுவாகத்தான், ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கணவருக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் அவர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ கொண்டுவரப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

விசா கிடைத்தது. பேரன் பிறந்தான். மகள் அவனுக்குத் தன் அப்பாவின் பெயரையே வைத்துவிட்டாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கணவரைப் பார்த்தபோது, அமெரிக்காவில் அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"எனக்கு போனைப் போட்டுட்டு, பேரனப் பேரு சொல்லிக் கொஞ்சிக்கிட்டே இருக்கா டீச்சர்" என்றார். "இங்குட்டு நான்தான் 'ம், ம்'முங்கிறேன்."