சந்தனம் வைத்த துவக்கு

பனி நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்து, பிக்கரிங்கில் ஒரு துவக்குப் பட்டறையில் வேலை செய்கிறேன். வேட்டைக்காரர் கொண்டுவருகிற துவக்குகளுக்குப் புதுக் குழல் பூட்டுவது, கட்டை செதுக்குவது, தேய்ந்ததை மாற்றுவது. பேச்சுக் குறைவான வேலை. எனக்கு அது சரி.

மூஸ் என்கிற பெரிய காட்டுமான், கரடி, இப்படிப் பெரிய மிருகத்துக்கென்று எனக்கே ஒரு துவக்குக் கட்டினேன். லைசென்ஸ் எடுத்து, முறைப்படிதான். பழைய போல்ட் துவக்கு ஒன்றின் இரும்பு உடலைத் தேடி எடுத்தேன். அதன் போல்டில், தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற இரும்புத் தண்டில், ஒரு அகலக் கொக்கி. தோட்டா மேலே எழும்பின உடனே பிடித்துக்கொள்ளும். துவக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா விழாது. கரடி முன்னால் நிற்கும்போது அது வேண்டும். குழலின் துளை அளவு முன்னூற்று எழுபத்தைந்து. அதிலிருந்து பாய்கிற சன்னம் சின்னி விரல் தடிப்பு.

என்னோடு வேட்டைக்கு வருகிறவர் அஜக்ஸில் இருக்கிற ஒரு அண்ணை. சொந்தமில்லை. முந்தி ஒரு பக்டரியில் இருவரும் ஒரே மெஷினில் நின்றவர்கள். துவக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னடா தம்பி, மூஸ் சுடப்போறியோ, கப்பல் சுடப்போறியோ?"

"உங்கட துவக்கு முயலுக்குத்தான் சரி அண்ணை."

"சன்னம் கெதியாப் போகவேணும். பாரம் என்னத்துக்கு?"

"பாரமெண்டால் எலும்பில நிண்டிடாது."

"உன்ர தோள் எலும்பைச் சொல்லுறியோ?"

தோட்டா போய் உட்காருகிற அறையை நானே வெட்டினேன். காட்டுக்குப் போகிற துவக்கில் கொஞ்சம் இடம் விட வேண்டும். தூசு, பனி, எல்லாம் உள்ளே போகும். முதலாளி சொன்னார். நான் மயிரிழைதான் விட்டேன். தோட்டா உள்ளே போய் உட்காரும்போது ஒரு சத்தமும் வராது. அவ்வளவு இறுக்கம். சுட்டுப் பார்த்தேன். நன்றாகப் போனது.

வோபர்னில் எங்கள் வீடு. துவக்கு வீட்டுக்கு வருவது மனிசிக்கு விருப்பமில்லை. கடைசியில் ஒரு சொல் சொன்னாள்.

"வாறதெண்டால் சாமிக்கு முன்னால வச்சு எடுங்கோ. பிறகு கொண்டு போங்கோ."

நவராத்திரி, வாணி விழாவோடு ஆயுத பூசை. கார்த் திறப்புக் கொத்து, பிள்ளைகளின் கொம்பியூட்டர், என்னுடைய அரங்கள், எல்லாம் படத்துக்கு முன்னால் இருந்தன. துவக்கையும் வைத்தேன். விசையில் பூட்டு, போல்ட் திறந்தபடி. அவள் கட்டையில் சந்தனம் வைத்தாள். குழலில் வைத்தாள். தையல் மெஷினுக்கு வைப்பதுபோல, காருக்கு வைப்பதுபோல. தோட்டா போகிற வாயிலும் மோதிர விரலால் உள்ளே ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். நான் அப்போது கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தேன்.

புறப்படுகிற நாள் வெளியில் இருந்ததை எல்லாம் துடைத்தேன். போல்டை வெறுமையாகத் தள்ளி மூடிப் பார்த்தேன். மூடியது. உள்ளே இருட்டு.

வடக்கே, காரில் நெடுந்தூரம் ஓடினோம். மறுநாள் பின்னேரம் சதுப்பு ஓரமாக நடந்தோம். அண்ணை முன்னால். ஒரு ஆள் முன்னால் நடந்தால் நான் அறையில் தோட்டா ஏற்றுவதில்லை. தோட்டாக்கள் துவக்கின் அடிப் பெட்டியில் இருந்தன.

மூஸ் மரங்களுக்கிடையில் நின்றது. பெரிய ஆண். அண்ணை சுட்டார். அது முதுகை வளைத்தது. விழவில்லை. தண்ணீர் ஓரம்வரை போய், திரும்பி நின்றது. பக்கவாட்டாக, எனக்கு நேரே.

போல்டைத் தள்ளினேன். தோட்டா எழும்பியது, கொக்கி பிடித்தது, உள்ளே போனது. போல்டின் கைப்பிடி கீழே மடங்கவில்லை; மடங்காமல் துவக்கு சுடாது. அழுத்தினேன். மடங்கவில்லை.

"வெடி வையடா! என்னடா பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?"

"பூட்டுதில்லை அண்ணை."

"என்னது?"

"பூட்டுதில்லை."

அண்ணை இரண்டாவது வெடி வைத்தார். கிளையில் பட்டது. மூஸ் அதற்கும் ஓடவில்லை. எங்களைப் பார்த்தது. பிறகு நடந்து மரங்களுக்குள் போனது. நடந்துதான் போனது.

போல்டை இழுத்துத் தோட்டாவை எடுத்தேன். பித்தளையில் மஞ்சளாக ஒரு தேய்ப்பு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். காய்ந்த சந்தனம்.

அண்ணை வாங்கிப் பார்த்தார். "உன்ர மனிசி மூஸுக்கெல்லோ பூசை செய்திருக்கிறா" என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அடிபட்ட மிருகத்தை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் தூரம் ஓடும். விட்டால் எங்காவது படுக்கும். காத்திருந்தோம். பிறகு இரத்தத்தைப் பிடித்து நடந்தோம். இலைகளில் இரத்தம். மரத்தில் என் இடுப்பு உயரத்துக்கு இரத்தம். ஒரு இடத்தில் படுத்திருக்கிறது. அந்த இடம் முழுக்க நனைந்திருந்தது. அங்கிருந்து எழும்பித் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

இருட்டும் வரை அக்கரையில் தேடினோம். விடியப் பனி கொட்டியிருந்தது. இலை இல்லை, மண் இல்லை, எல்லாம் வெள்ளை. அண்ணைக்கு மூட்டு வலி. அன்றைக்கும் நடந்தார். "சுட்டது நான். விட்டிட்டுப் போனால் பாவம்" என்றார். அடுத்த கிழமை நான் தனியாகவும் போனேன். செத்த உடலுக்கு மேலே காகம் சுற்றுகிறதா என்று வானத்தைப் பார்த்தபடி நடந்தேன். காகம் இல்லை.

இப்போதும் பட்டறையில் யாருக்காவது அறை வெட்டும்போது எண்ணெய்க்குள் சந்தனம் மணக்கிறது. நிறுத்துவேன். மணம் இராது. தொடங்கினால் வரும். போல்டைத் தள்ளிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த மூஸ் எனக்கு நேரே பக்கவாட்டாக வந்து நிற்கிறது. அந்தத் துவக்கின் அறையை நான் பெரிதாக்கவில்லை. சுடவும் இல்லை. பட்டறை அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

சந்தனம் பற்றி மனிசிக்குச் சொல்லவில்லை. அண்ணையும் சொல்லவில்லை. துவக்கில் ஏதோ பிழை, மிருகம் போய்விட்டது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இரண்டாம் தடவை போய் வந்த அன்று சோறு போட்டுவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"கண்டியளோ?"

"இல்லை."

"செத்துக் கிடந்ததைக் காணேல்லைத்தானே?"

"காணேல்லை."

"அப்ப உயிரோட இருக்கு."

நான் சோற்றைப் பிசைந்தேன். அவளுடைய தமையன் எங்கள் ஊர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் கையில் காயத்தோடு இடம்பெயர்ந்து போன சனத்துக்குள் போனவர். போனதைக் கண்ட ஆட்கள் உண்டு. பிறகு கண்ட ஆள் இல்லை. அவருடைய படத்துக்கு அவள் மாலை போட விட்டதில்லை. திவசம் செய்ய விட்டதில்லை. அவருடைய பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை செய்கிறாள். உயிரோடு இருக்கிற ஆளுக்குச் செய்கிற அர்ச்சனை.

"சொல்லுங்கோவன். காணாட்டி உயிரோடதானே?"

"ஓம்."

"இரத்தம் கனக்கப் போனதோ?"

அந்தப் படுத்த இடத்தை நினைத்தேன். அங்கே கை வைத்துப் பார்த்தவன் நான். என் கை மணிக்கட்டு வரை சிவந்தது.

"இல்லையப்பா" என்றேன். "கொஞ்சம்தான்."