சிவப்பு மையில் முந்திரி

மகளுக்கு முந்திரி ஆகாது. இந்த மூன்று சொற்களை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டி முடித்ததும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும்?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றரை வயதில், ஒரு கல்யாண வீட்டில், யாரோ பாசம் பொங்கி ஒரு துண்டு முந்திரிக் கேக்கை ஊட்டிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, முகமெல்லாம் தடித்தது, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட டாக்டர், அடுத்த முறை இதைவிட மோசமாக இருக்கலாம், முந்திரி இருக்கிற பக்கமே இவளை விடாதீர்கள் என்றார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. நான் எரிந்துவிழுகிறவள் என்ற பெயரும் அன்றுதான் வந்தது.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிக் கேரள எல்லையில் இருக்கிற பாறசாலைக்கு வந்தேன். வீட்டில் தமிழ்தான், ஆனால் இவர்கள் தமிழ். முந்திரிக்கு இங்கே அண்டிப்பருப்பு என்று பெயர். அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை, வரவழைக்கவும் நான் முயலவில்லை. எங்கள் ஊரில் முந்திரி என்பதுதான் பேச்சு, நான் எதற்கு மாற வேண்டும் என்று இருந்தேன்.

கணவரின் அக்கா, என் மதினி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பலகாரத்தோடு வருவாள். ஒவ்வொரு டப்பாவையும் நான் திறந்து முகர்ந்து பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது.

"நீ என்னத்துக்கு மக்கா இப்பிடிப் பேடிக்கிய? சின்னதிலேயே கொஞ்சங் கொஞ்சமா குடுத்துப் பழக்கணும். அண்டிப்பருப்பு பொறக்கித் தின்னு வளந்தவங்களாக்கும் நாங்க."

நான் டப்பாவை மூடி அவள் பையிலேயே திருப்பி வைத்தேன். இரண்டு வாரம் அவள் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு ஞாயிறும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பூவாறில், படகில் வைத்து ஒரு பிறந்தநாள் விருந்து. கணவரின் அலுவலக நண்பர் வீட்டுக் குழந்தைக்கு. படகில் எல்லோரும் காயலைப் பார்த்தார்கள், நான் தட்டுகளைப் பார்த்தேன். கேக்கின் மேல் தூவியிருந்ததைச் சுரண்டிவிட்டுக் கொடுக்கலாமே என்று ஒரு அம்மா நல்லெண்ணத்தோடு சொன்னாள். சுரண்டினால் போகாது என்று விளக்கினேன். போகாதா என்று கேட்டுக்கொண்டே அவள் தன் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள். என் மகளைத் தூக்கிக்கொண்டு படகின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தேன். கணவர் வந்து, எல்லாரும் பார்க்காங்க என்றார். பார்க்கட்டும் என்றேன்.

எனக்குக் களியக்காவிளைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. மகளை விட்டுச் செல்ல, நெய்யாற்றின்கரை போகும் வழியில் ஒரு டேகேர் கிடைத்தது. அங்கே பேச்செல்லாம் மலையாளம். ஒரு டீச்சர், ஒரு ஆயா, பதினோரு பிள்ளைகள். ஆயா ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். இது சரிப்படாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அந்த வருடம்தான் நான் மலையாள எழுத்து கற்றிருந்தேன். பஸ்ஸில் போர்டு படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது, அந்தக் கர்வம் வேறு. 'மோளுக்கு முந்திரி கொடுக்கருது', மகளுக்கு முந்திரி கொடுக்கக் கூடாது என்று நானே மலையாளத்தில், சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒன்று சமையலறைச் சுவருக்கு, ஒன்று மகளின் பைக்கு. முதல் நாள் காலையில் கணவர் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அங்க போய் முந்திரிண்ணு சொல்லாத கேட்டியா. அண்டிப்பருப்புண்ணு சொல்லணுமாக்கும்."

என் தமிழைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் ஊர்ச் சொல்லை நான் பேசவில்லை என்பது அவருடைய பழைய குறை. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

டேகேர் டீச்சர் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். முந்திரியா, என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம், முந்திரிதான், உயிருக்கே ஆபத்து என்றேன். கிஸ்மிஸும் கூடாதா என்று ஆயா கேட்டார். பாயசத்திலும் கேக்கிலும் இரண்டும் ஒன்றாகத்தானே கிடக்கும், அதுவும் வேண்டாம் என்றேன். ஆயா தீவிரமாகத் தலையாட்டினார். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. தலையாட்டாதவர் யார்?

எட்டு மாதம் தினமும் நான் கொடுத்தனுப்பிய டப்பா மட்டும்தான் அவள் சாப்பாடு. தினமும் மாலையில் ஆயாவிடம் கேட்பேன், முந்திரி எதுவும் கொடுக்கவில்லையே? இல்லை டீச்சர், என்பார். சில நாள் இரண்டு முறை கேட்டேன். ஒருநாள் என் குரல் உயர்ந்துவிட்டது. அப்போதும் அவர் இல்லை டீச்சர், என்றே சொன்னார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் டேகேரில் விழா. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மதியம் போனேன். பிள்ளைகள் கரைபோட்ட துணி உடுத்தி வரிசையாக இலை முன் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் அழுதழுது ஓய்ந்த முகத்தோடு கோடியில் இருந்தாள். எல்லோருக்கும் பாயசம் வந்து தனக்கு வராததற்கு அழுதிருக்கிறாள். ஆயா அவள் எதிரில் குந்தி, ஒரு டம்ளரில் சேமியா பாயசத்தை வைத்துக்கொண்டு, ஸ்பூனால் எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கி முடித்து ஒரு வாய் ஊட்டினார். இரண்டாவது ஸ்பூனில், நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரிப் பாதி ஒன்று இருந்ததை நான் வாசலில் நின்றே பார்த்தேன்.

நான் ஓடிச்சேர்வதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தமிழில்தான் கத்தியிருப்பேன். மகளின் வாயைத் துடைத்துத் தூக்கும்போதே உதட்டோரம் தடிக்க ஆரம்பித்திருந்தது. டீச்சர் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். நான் ஏறியதும் மறுபக்கம் ஆயாவும் ஏறினார். இறங்குங்கள் என்று சொன்னேன், அவர் இறங்கவில்லை. மகள் என் மடியில் வாந்தி எடுத்தாள். மூச்சில் அந்த விசில் வந்துவிட்டது.

எழுதி ஒட்டினேனே, படிக்கத் தெரியாதா, எட்டு மாதமாகக் கேட்டேனே, என்று ஆயாவைப் பார்த்துக் கேட்டேன். அவர் அழுதுகொண்டே இடது கையை என் முன்னால் நீட்டி விரித்தார்.

"முந்திரி ஒண்ணுபோலும் கொடுத்தில்ல டீச்சரே. ஒக்கெ பெறுக்கி மாற்றி. தா, நோக்கு."

ஒன்றுகூடக் கொடுக்கவில்லையாம், எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டாராம். உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு கிஸ்மிஸ் பழங்கள், பாலில் ஊறி உப்பி, பிசுபிசுத்துக் கிடந்தன. அத்தனை நேரமும் அவற்றைப் பொத்திப் பிடித்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. உலர்ந்தால் உணக்கமுந்திரி, கிஸ்மிஸ். நான் பயந்து நடுங்குகிற பொருளுக்கு அங்கே அண்டிப்பரிப்பு என்று பெயர். பழக்கடையில் கையைக் காட்டியே திராட்சை வாங்கிப் பழகியவளுக்கு இது ஒருநாளும் காதில் விழவில்லை. கணவர் சொன்னது காதில் விழுந்தது, நான்தான் கேட்கவில்லை. என் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தான சொல்லை என் கையாலேயே சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அதுவரை ஆயா வராந்தாவில் நின்றார். அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது, சொல் மாறிப்போயிற்று என்று. அவர் புரியாமல் பார்த்தார். கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து அண்டிப்பரிப்பு என்று எழுதிக் காட்டினேன். நெஞ்சில் கையை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு டீச்சர் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. அன்றைய பாயசம் வரும்வரை, எட்டு மாதமாக அந்த டேகேருக்குள் ஒரு திராட்சை நுழையவில்லை. ஒரு குழந்தை டப்பாவில் கொண்டுவந்ததை ஆயா வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு, மாலையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த அப்பா சண்டைக்கு வந்திருக்கிறார். முந்திரி தொட்டால் இந்தக் குழந்தை செத்துப்போகும் என்று ஆயா அவரிடம் சொன்னாராம். நான் சொன்னதை யாருமே கேட்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவள் நான்.

ஓண விடுமுறை முடிந்து போனபோது பழைய காகிதத்தைக் கிழித்தேன். புதிதாக எதையும் எழுதவில்லை. ஒரு முந்திரியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி ஆயாவிடம் கொடுத்தேன், இதுதான் என்று. அவர் அதை மேல் அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

கூடவே ஒரு கொத்துத் திராட்சையும் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரில் அலசி, ஒன்றை மகளின் வாயருகே நீட்டினேன். அவள் உதட்டை இறுக்கி மூடி, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயா பழக்கிவைத்த பழக்கம். சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது, அம்மா சொல்கிறேன் இல்லையா என்று கெஞ்சினேன். கையை எடுக்கவில்லை.

ஆயா கொத்திலிருந்து ஒன்றைப் பறித்துத் தன் வாயில் போட்டு மென்று, நாக்கை நீட்டிக் காட்டினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ஆயா தலையசைத்த பிறகுதான் கையை எடுத்து வாயைத் திறந்தாள்.