எந்தச் சங்கமுங்க?

சண்டை நடந்த நாள் நெருங்கினாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் பட்டாளத்தை எங்கள் பக்கத்துப் பாளையக்காரர் எதிர்த்து நின்ற மேடு காங்கேயம் தாண்டி இருக்கிறது. வருஷா வருஷம் ஆடி மாதத்தில் அங்கே விழா. கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் போவதற்குள் ஃபிளெக்ஸ் பேனர்கள் ஆரம்பித்துவிடும். பேனர் முழுக்கத் தலைவர்கள் கைகூப்பி நிற்பார்கள். சண்டையில் செத்த பாளையக்காரர் மூலையில் ஸ்டாம்பு சைஸில் இருப்பார்.

எங்கள் வீட்டுக்கும் அந்தச் சண்டையில் பங்கு உண்டு. பாளையக்காரரின் குதிரைகளுக்குப் புல் அறுத்துப்போட்ட எங்கள் பாட்டன் ஒருவர், பீரங்கிக் குண்டு பட்டு அந்த மேட்டில்தான் விழுந்தார் என்று அப்பா சொல்வார். பேர் யாருக்கும் தெரியாது. மேட்டின் பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது, அதுதான் அவர். வருஷத்தில் அந்த ஒரு நாள் கல்லைக் கழுவி, எண்ணெய் தேய்த்து, விளக்கு வைத்துவிட்டு வருவார் அப்பா. மில் வேலையில் இருந்தபோதும் ஷிப்டு மாற்றிக்கொண்டு போவார். இந்த வருஷம் நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, பஸ் ஏற முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வாட்டி விட்டுப்போட்டா அடுத்த வருசம் நான் இருக்கறனோ என்னமோ கண்ணு."

மகள் என்ன செய்வாள்? பம்ப் கம்பெனியில் கெஞ்சி லீவு வாங்கிக் காரை எடுத்தேன்.

முன்பெல்லாம் ஆடு மேய்ந்த இடம். இப்போது சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், பெரிய கேட். பேட்ஜ் குத்திய ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"எந்தச் சங்கமுங்க?"

"சங்கமெல்லாம் இல்லீங்க," என்றார் அப்பா. "பின்னால எங்க பாட்டன் கல்லு ஒண்ணு இருக்குதுங்க. வெளக்கு வெச்சுப்போட்டு வந்தர்றனுங்க."

"சங்கத்துக்கு இவ்வளவு நேரம்னு பிரிச்சுக் குடுத்திருக்குதுங்க. தனியா வாரவிங்களுக்கு நேரம் இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? "எங்க ஆளு செத்த எடத்துக்கு வாரதுக்கு நாங்க எந்தச் சங்கத்தக் கேக்கோணும்?" என்று குரலை உயர்த்தினேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த ஆளுக்குக் கோபம்கூட வரவில்லை. "வெயில்ல நிக்காதீங்க அம்மணி," என்று சேர் எடுத்துப் போட்டார். எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, மனுஷியை நிம்மதியாகச் சண்டை போடக்கூட விடாது.

அடுத்த சங்கம் மேளதாளத்தோடு வந்தது. அதன் தலைவர் அப்பாவின் கதையைக் கேட்டார். "எங்ககூட வந்துருங்க பெரியவரே. இதையப் போட்டுக்கோங்க, ஆரும் கேக்கமாட்டாங்க," என்று தங்கள் சங்கத்துத் துண்டு ஒன்றை நீட்டினார். நல்ல மனதோடுதான் நீட்டினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களைக் கோயில் வாசலோடு நிறுத்தியவர்களின் பேரன்கள் நடத்தும் சங்கம் அது.

"வேண்டாம்ப்பா," என்றேன். அது யாருடைய சங்கம் என்று அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எண்ணெய்ப் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

உள்ளே போனால் கல்லைக் காணோம். மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போன பிறகுதான் தெரிந்தது. கல்லின் மேல் ஸ்பீக்கர் பாக்ஸை ஏற்றிவைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மண்ணுக்காக உயிர் கொடுத்த முன்னோரை மறக்கமாட்டோம் என்று அதிலிருந்துதான் யாரோ முழங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா மைக் செட்காரரிடம் போனார். "ஏனுங் தம்பி, அதையக் கொஞ்சம் அக்கட்டால நகத்தி வெக்க முடியுங்களா? அது எங்க பாட்டனுங்க."

அவர் கல்லையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "சும்மா கெடக்கற கல்லுன்னு நெனச்சுப்போட்டனுங்க. இப்ப எடுத்தா சத்தம் நின்னுபோகும். தலைவர் பேசறாருங்களே. கூட்டம் முடிஞ்சு வாங்க."

கூட்டம் முடிந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்களே. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்தார். பாக்ஸுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத்தான் கல் தெரிந்தது. எண்ணெயைக் கையில் ஊற்றி அந்த இடத்தில் தேய்த்தார். "அதிருது கண்ணு," என்றார். நான் அகல் விளக்கை வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். ஆடிக் காற்றில் நிற்கவில்லை. இன்னொன்று கிழிப்பதற்குள் அதே துண்டு போட்ட ஒரு தொண்டர் ஓடிவந்தார். "பந்தல் இருக்குதுங்க, நெருப்பு வேண்டாமுங்க. நம்ம நேரமும் முடிஞ்சுது, நகருங்க." விளக்கு எரியவே இல்லை.

வெளியே வந்து துண்டை நான்காக மடித்து, "நொம்ப நன்றீங்க," என்று அதைத் தந்த தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார் அப்பா. எதற்கு நன்றி? ஆத்திரத்தோடு காரை எடுத்தேன்.

காங்கேயம் வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். எங்கள் ஆட்களிலேயே சாதிச் சங்கம் என்று சந்தா கேட்டு வந்தவர்களை, பொழப்பைப் பாருங்கப்பா என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவர் அவர்.

"ஒரு சங்கம் வெக்கோணும்னா கொறஞ்சது எத்தன பேரு வேணும் கண்ணு?"

என்னில் ஆரம்பித்து, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று அவரே விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.