சபூரா வீட்டுத் திரையில் எழுதியது யார்?

புத்தளத்துப் பாலாவியில் சபூரா, வாங்கும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பார்க்காமல் சட்டியில் ஊற்றமாட்டாள். தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேறியபோது அவள் புதுப்பெண். நேற்றுவரை ஆளும் பேருமாக இருந்த ஊர் ஒரே நாளில் வெறிச்சோடியதைக் கண்ட பிறகு, எவரையும் முழுதாக நம்ப அவளுக்கு வரவில்லை.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் கணவன் ஜபார், காணி துப்புரவாக்கவென்று அடிக்கடி மன்னாருக்குப் போகத் தொடங்கினார். எத்தனை தரம் போயும் அந்த வேலை முடிந்தபாடில்லை.

"அப்படி என்னதான் முளைச்சிக் கிடக்குது அந்தக் காணியில?" என்பாள் சபூரா.

"காடுதான் புள்ள," என்று சிரிப்பார் அவர். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

டோஹாவில் வேலை செய்யும் மகன் லீவில் வந்தபோது ஒரு கம்பியூட்டரை வாங்கி, ஹோலில் இருந்த டீவியோடு பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். கீபோர்டுக்கும் மௌஸுக்கும் வயர் கிடையாது. பள்ளிவாசல் செயலாளரான ஜபார், கதிரையில் சாய்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அறிவித்தல்களைத் தட்டுவார். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரோரம் இருந்த டீவியில் எழுத்துகள் ஓடும்.

ஒருநாள் அஸர் தொழுகைக்கு அவர் போன பின் சபூரா கூட்ட வந்தாள். டீவி அணையாமல் கிடந்தது. பாதி எழுதிய அறிவித்தலுக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். பிள்ளைகளின் மெசேஜ் பார்த்துப் பழகியதால் அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"ஒங்கட சத்தம் கேக்காம மனசு சரியில்ல. எப்ப வருவீங்க?"

சபூராவுக்குக் கையில் விளக்குமாறு இருப்பதே மறந்துபோயிற்று. ஜபாரின் சேர்ட் பைகளைத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த முறை மன்னாருக்குத் தானும் வருவதாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வெயிலுக்குள்ள நீ வந்து என்ன செய்யப் போற?" என்றார் ஜபார்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம், கீபோர்டையும் மௌஸையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் தேடிக் களைத்து, முணுமுணுத்துக்கொண்டே பள்ளிக்குப் போனார். சபூரா டீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

எழுத்து வந்தது.

கீபோர்ட் பூட்டுக்குள் கிடக்க எழுத்து வந்தது! ஜின்னின் வேலையோ என்று பயந்து அவள் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். ஓதிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது.

"வயித்த இழுத்துப் பிடிக்குது. காலையில இருந்து ரத்தம் படுகுது. பக்கத்து வீட்டு சபூரா மாமிட்டச் சொல்லப் பயமா இரிக்கி. அவ என்ன ஒரு மாதிரித்தான் பாக்குற."

பக்கத்து வீட்டுக்கு அண்மையில் வாடகைக்கு வந்த பிள்ளைத்தாச்சி றிஃப்னாதான். லீவில் வந்துபோன புருஷன் நஸீர் சவூதியில். பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாளே என்று அவளையும் சபூரா சந்தேகக் கண்ணோடுதான் பார்த்திருந்தாள். இப்போது முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"திற புள்ள, நான் சபூரா. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

கதவு கொஞ்சம்தான் திறந்தது. "ஒங்களுக்கு யாரு சொன்ன?"

"பிறகு சொல்றேன். வா."

புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும் வழியெல்லாம் றிஃப்னா வயிற்றைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிந்தியிருந்தால் பிள்ளை தங்கியிராது என்றார் டொக்டர். வார்ட்டில் வைத்துச் சபூரா உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

றிஃப்னாவின் முகம் சுருங்கிற்று. "அப்ப நான் அவருக்கு எழுதினதெல்லாம் வாசிச்சீங்களா?"

"ரெண்டு தரம் பாத்தேன். முதல் தரம், எங்கட வீட்டாளுக்கு எவளோ எழுதுறாள் எண்டு நெனச்சேன்."

றிஃப்னா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் வந்திச்சி மாமி. அவருக்கு எழுதிக்கிட்டிரிக்கக்குள்ள நடுவில, 'ஜனாஸா லுஹருக்குப் பிறகு அடக்கப்படும்' எண்டு சாவு அறிவித்தல் விழுந்திச்சி. நீங்கதான் எனக்குச் சூனியம் வெச்சிட்டீங்க எண்டு நெனச்சேன்."

இரண்டு வீட்டுக் கீபோர்டும் மதுரங்குளியில் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே அலைவரிசையில் வேலை செய்வதால், ஒட்டிய சுவருக்கு இந்தப் பக்கத்து எழுத்தை அந்தப் பக்கமும் பிடிக்கிறது என்றான் கடைக்காரன். அடியிலிருந்த பொத்தானை அமத்தி அலைவரிசையை மாற்றிக் கொடுத்தான். சபூரா அதை நம்பவில்லை. வயர் உள்ள கீபோர்டையே வாங்கிக்கொண்டு வந்தாள். ஜபார் கதிரையை டீவிக்குக் கிட்ட இழுக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அவளும் மன்னாருக்குப் போனாள். காணி முழுக்க முள்மரம் மண்டிக் கிடந்தது உண்மைதான்.

றிஃப்னாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. குளிக்கப் போகும்போது பிள்ளையைச் சபூராவின் மடியில் வைத்துவிட்டுப் போவாள். ஆனால் நஸீருக்கு எழுத உட்காரும் நேரம் மட்டும், "மாமி, பிறகு வாங்களேன்" என்பாள். சபூரா மறுபேச்சில்லாமல் எழுந்து வருவாள்.